பாய்மரத்துக்குக் கீழே ஒரு கிரேன்காரன்

கம்பிக்கயிறு தொழில்ல ஒரு விசேஷம் உண்டு: நாம சரியாச் செஞ்சா ஒருத்தரும் மேல நிமிந்து பாக்க மாட்டாவ, தப்பாச் செஞ்சா மொத்த ஊரும் நிமிந்து பாக்கும்.

உள்ளங்கையில கம்பி இழை குத்தி, அதைப் பிடுங்க வீட்டுக்காரிட்ட கையை நீட்டி, ஊசியோட சேத்து நாலு வசவும் வாங்கின சகாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சொல்லுதேன். தூத்துக்குடியில துறைமுகம் போற ரோட்டுல ஒரு சின்னப் பட்டறை. கிரேனுக்கு சுமையைக் கட்டித் தூக்குற சிலிங் கட்டுறது, ஹாய்ஸ்ட் கம்பி மாத்துறது, லாரிக்கு இழுவைக் கம்பி போடுறது. இருபத்திரெண்டு வருசமா இதான் சோறு. பேரு சுடலைமுத்து. பொறந்தது தாமிரபரணிக் கரையில நெல்லு விளையுற ஊரு, குடியிருக்கது தூத்துக்குடிக்குப் பக்கத்துல இருக்க புதுக்கோட்டை. தினமும் டவுன் பஸ்ல வந்து எறங்கி கடலைப் பாக்கேன். அது எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல, நானும் அதுகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அப்படி இருந்த மனுசனை நாலு மில்லிமீட்டர் கம்பி ஒண்ணு எங்க கொண்டு போய் உக்கார வச்சுதுன்னு கேளுங்க.

செஞ்சிரலாம்

போன மாசி மாசம் ஒரு நாள் காலையில பட்டறைக்கு ஒரு பொண்ணு வந்தாவ. முப்பது வயசுக்கு மேல இருக்கும். சாப்பாட்டுப் பைக்குள்ள கையை விட்டு, டிபன் பாக்ஸ் எடுக்கப் போறாவன்னு நான் நெனைக்கையில, ஒரு முழக் கம்பியை எடுத்து மேசையில வச்சாவ. பத்தொம்பது இழை முறுக்கின எவர்சில்வர் கம்பி. நுனியில மூணு இழை அறுந்து பல்லைக் காட்டுது. பேரு ரெஜினா. சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர். லீவுக்கு வந்த எடத்துல கேரளாவுல ஒரு பழைய பாய்மரப் போட்டை வாங்கி லாரில கொண்டாந்து எறக்கியிருக்காவ. இருபத்திரெண்டு அடி, ஃபைபர் போட்டு. அதுல பாய்மரம் தானா நிக்காது, ஆறு கம்பிதான் இழுத்துப் பிடிச்சு நிப்பாட்டும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, பக்கத்துக்கு ரெண்டு. ஆறும் போச்சு.

"பதினாறு நாள்ல நான் கப்பலேறணும் அண்ணாச்சி. அதுக்குள்ள எங்கப்பாவை ஏத்திக்கிட்டுத் தெக்க மணப்பாடு வரைக்கும் பாய்லயே போகணும். நாப்பது வருசம் தோணி ஓட்டுனவரு. நான் ஓட்டி ஒரு நாள்கூட அவரு உக்காந்து வந்ததில்ல"ன்னாவ. சொல்லிட்டு, "பாய்மரத்துக்குக் கம்பி கட்டியிருக்கியளா?"ன்னு கேட்டாவ. இல்லன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். "செஞ்சிரலாம்"னு வந்துட்டு. நம்ம தொழில்ல இது பதில் இல்ல, இருமல் மாதிரி தானா வாரது. உங்களுக்கும் வந்திருக்கும். அவிய ஸ்கூட்டர் கிளம்பின சத்தம் அடங்குனதும், கூட வேலை பாக்க மிக்கேல் பிரஸ் மெஷினை நிப்பாட்டிட்டுப் பக்கத்துல வந்தான். அவன் கடக்கரைப் பையன், அப்பா தாத்தா எல்லாம் வள்ளத்துல போனவங்க. "அண்ணாச்சி, பத்து வருசமா உங்க கூட இருக்கேன், பீச்சுக்குப் போனாக்கூட நீங்க செருப்பைக் கழத்தி நான் பாத்ததில்ல, நீங்க பாய்மரம் நிப்பாட்டப் போறியளா?"

பதினோரு கொக்கு

போட்டு கெடந்தது பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு யார்டுல. மரத்தைக் கழத்தி ரெண்டு ஸ்டாண்டு மேல படுக்கப் போட்டிருந்தாவ. கம்பி விசயத்துல கண்ணை நம்பக்கூடாது, தெரியும்லா? ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டை எடுத்து கம்பியைச் சுத்திப் பிடிச்சு ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு இழுத்துக்கிட்டே வந்தேன். எங்க இழை அறுந்திருக்கோ அங்கன பஞ்சு மாட்டிக்கிடும். ஆறு கம்பியும் முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தா பதினோரு எடத்துல வெள்ளையாத் தொங்குது, உப்பளத்துல கொக்கு உக்காந்த மாதிரி.

அங்கன வேப்பமரத்தடியில பிளாஸ்டிக் சேர் போட்டு ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு. ரெஜினா மேடத்தோட அப்பா, சூசை. தோணியில தண்டலா இருந்தவரு. தோணிக்கு கேப்டனை எங்க ஊர்ல தண்டல்னுதான் சொல்லுவோம். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் ஜல்லியும் ஏத்திக்கிட்டுப் போய் வந்த ஆளு. எழுபது வயசுலயும் குரல் நடுக்கடல்ல கத்துற குரல். "ஏளா ரெஜி, இந்த சோப்பு டப்பாவுக்கு வைத்தியம் பாக்க வந்த ஆளு இவருதானா?"ன்னாரு. என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "வே, நீந்துவீரா?"

"இல்லய்யா."

"நல்லது. அப்ப வேலை ஒழுங்கா நடக்கும்."

எனக்கு வெளங்கல. எங்க தொழில்ல முதல் பாடமே, தூக்குன சுமைக்குக் கீழ எவனும் நிக்கக்கூடாதுங்கதுதான். பட்டறைச் சுவத்துல செவப்புப் பெயிண்ட்ல எழுதியே வச்சிருக்கேன். இருபத்திரெண்டு வருசமா அதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டுனவன் நான். அவரு அதை அப்படியே தலைகீழாப் புரட்டிப் போட்டாரு: "மரம் கட்டினவன் முதல் ஓட்டத்துல மரத்துக்குக் கீழதான் உக்காரணும், எங்க தோணிக்கு அதான் சட்டம், இந்த சோப்பு டப்பாவுக்கும் அதான் சட்டம்."

தடிச்சவன் பலசாலியா

உசுருன்னு வந்துட்டா மனுசன் தடிமனா யோசிக்கான். பழைய கம்பி நாலு மில்லி. நான் பட்டறையில இருந்த எட்டு மில்லி கிரேன் கம்பியை எடுத்து வெட்டத் தயாரா வச்சுட்டேன். கீழ உக்காரப் போறது யாரு? நான். அப்ப ரெட்டிப்பாப் போடு. மேடம் வந்து கையில தூக்கிப் பாத்துட்டு, "இவ்வளவு கனத்தை உச்சியில கட்டுனா காத்தே வேண்டாம் அண்ணாச்சி, போட்டு தானா சாஞ்சிரும்"னாவ. சரி, அதே நாலு மில்லில நம்ம கிரேன் கம்பி போடுவோம்னேன். அவிய சிரிச்சுக்கிட்டு, "ரெண்டையும் தொங்கவிட்டுப் பாப்பமா?"ன்னு கேட்டாவ.

சகாக்களே, அன்னைக்கு மத்தியானம் நான் சோறு திங்கல. பட்டறை உத்தரத்துல நாலு மில்லி கிரேன் கம்பியை மூணு மீட்டர் தொங்கவிட்டு, முந்நூறு கிலோ எடைக்கல்லை மாட்டி, சாக்பீஸால கோடு போட்டுப் பாத்தோம். கம்பி மூணு விரக்கடை இறங்கிட்டு. அடுத்து அவிய வாங்கி வச்சிருந்த பத்தொம்பது இழைக் கம்பி, அதே நீளம், அதே கல்லு. ஒரு நகக்கண் அளவு இறங்கிட்டு அப்படியே நின்னுட்டு! திரும்ப மாட்டினேன், திரும்பவும் அதே நகக்கண். இருபத்திரெண்டு வருசம் கூடவே குடும்பம் நடத்துன கம்பி, நான் பாக்காத ஒரு பக்கத்தை அன்னைக்குத்தான் காட்டுது. மிக்கேலைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், டீ குடுக்க வந்தவரையும் விடல. மேடம் கையில இருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கிட்டே சொன்னாவ: "உங்க கிரேன் கம்பி ஓடுற கம்பி அண்ணாச்சி, வளைஞ்சு குடுக்கணும். இது நிக்கிற கம்பி, எங்கப்பா மாதிரி, சொன்ன எடத்தை விட்டு அசையவே கூடாது."

எவர்சில்வர்ல ஒரு நகல்

சிலிங் கட்டுறவனுக்கு ஒரு வேதம் உண்டு: பழசு என்ன நீளமோ புதுசும் அதே நீளம். நான் பழைய கம்பி ஆறையும் சிமெண்டுத் தரையில நீட்டிப் போட்டு, ரெண்டு முனையிலயும் ஆணி அடிச்சு, மயிரிழை பிசகாம வெட்டினேன். முனைக்குப் போடுற பூட்டு பன்னெண்டும் மும்பையில இருந்து கூரியர்ல வந்துச்சு. அதைப் பூட்டுறது ஒரு கலை. கம்பி நுனியை குடை மாதிரி விரிச்சு, நடுவுல ஒரு சின்ன பித்தளைக் கூம்பை நிப்பாட்டி, இழைகளை மறுபடி மூடி, மேல திருகை ஏத்தி முடுக்கணும். முடுக்குனா கூம்பு நசுங்கிரும், திரும்பக் கழத்துனா குப்பையிலதான் போடணும். உபரியா வந்தது ரெண்டே கூம்பு.

மரத்தைத் தூக்க ஹைட்ரா கிரேன் வந்துச்சு. மரம் நின்னுச்சு. ஆறு கம்பியையும் மாட்டி, கம்பியை இறுக்குற திருகான டர்ன்பக்கிளை முடுக்கி, பெருமையா இருபது அடி தள்ளிப் போய்ப் பாத்தேன். மரம் வலது பக்கம் சாஞ்சு நிக்குது. இடது டர்ன்பக்கிள் ரெண்டையும் இன்னும் முடுக்கிப் பாத்தா மரையே இல்ல, தீந்து போச்சு. வெசயம் என்னன்னா, முன்ன வச்சிருந்த யாரோ ஒரு புண்ணியவான் இடது கம்பி ரெண்டையும் நீளமாப் போட்டு, சாஞ்ச மேனிக்கே ஓட்டித் திரிஞ்சிருக்காரு. அவரு பண்ணுன தப்பை நான் ஆணியடிச்சு அளந்து எவர்சில்வர்ல நகல் எடுத்திருக்கேன்!

கப்பலேற ஆறு நாள்தான் கெடக்கு. மறுபடி கூரியர் போட்டா வந்து சேராது. மேடம் அளவு டேப்பை எடுத்து நீட்டினாவ. பாய் ஏத்துற கயித்துல டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏத்தி, ரெண்டு பக்கமும் அளந்தோம். முப்பத்தஞ்சு மில்லி வித்தியாசம். இடது கம்பி ரெண்டையும் வெட்டினேன், இருக்க ரெண்டு கூம்பையும் எடுத்து வச்சேன். ஒண்ணு கோணுனாலும் மணப்பாடு கெடையாது. மூச்சைப் பிடிச்சு முதல் கூம்பை மூடி முடுக்குனேன், உக்காந்துச்சு. ரெண்டாவதுல ஒரு இழை வெளிய நழுவ, மிக்கேல் ஸ்குரூடிரைவர் நுனியால அதை உள்ள தள்ளினான், அதுவும் உக்காந்துச்சு. மரம் நேரா நிமிந்தப்போ யார்டுல நின்ன எல்லாரும் கை தட்டிட்டாவ. கம்பிச் சுருளைச் சுமந்து சுமந்து என் வலது தோள் கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும். அதை எப்பப் பாத்தாரோ சூசைத் தண்டலு, சேர்ல இருந்தபடியே சொன்னாரு: "சாஞ்சு நின்னப்போ உம்ம மாதிரியே இருந்துச்சு வே, இப்ப யாரை மாதிரி இருக்குன்னு தெரியலியே."

கிரீஸ்

இதைச் சொல்லாம விட்டுரலாம்னுதான் பாத்தேன், மிக்கேல் விடல.

புதுக் கம்பியை கிரீஸ் போடாம விடுறது, பிள்ளையைப் பட்டினி போடுற மாதிரி. அப்படித்தான் நாம படிச்சோம். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பொறவு, ஏணி போட்டு எட்டுன வரைக்கும் ஆறு கம்பிக்கும் கறுப்பு கிரீஸை உருவி உருவிப் பூசினேன். ஒரு கோட்டு போதும், என் உசுராச்சே, மூணு கோட்டு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மேடம் அப்பாவோட வந்தாவ. பாயை ஏத்திச் சரி பாக்கணும்னு மடிச்சு வச்சிருந்த பாயைப் பிரிச்சாவ. அம்பாரமாக் குமிச்ச உப்பு மாதிரி வெள்ளைப் பாய். பாதி ஏறுறதுக்குள்ள காத்து வந்து அதைத் தூக்கி இந்தப் பக்கக் கம்பியில ஒரு தடவ, அந்தப் பக்கக் கம்பியில ஒரு தடவ நல்லாத் துடைச்சு எடுத்துச்சு.

எவர்சில்வருக்கு கிரீஸ் வேண்டாம்னு எனக்கு எந்தச் சாமியும் வந்து சொல்லல. மத்தியானம் வரைக்கும் நானும் மிக்கேலும் கம்பியை டீசல் போட்டுத் துடைச்சோம், ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருந்த என் நல்ல சட்டையும் அதோட போச்சு, மேடம் பாயை சோப்புத்தூள் போட்டுத் தேச்சாவ. கறுப்பு சாம்பலாச்சு, சாம்பலுக்கு மேல போகல. மேடம் முகத்தைப் பாக்க தைரியமில்லாம நான் வாளியையே பாத்துக்கிட்டு நின்னேன். தண்டலுக்கு மட்டும் அன்னைக்கு நல்ல பொழுதுபோக்கு: "விடுளா ரெஜி, பாய்க்கு மீசை வச்சு விட்டிருக்காரு, கடல்ல நாலு பேரு பயப்படுவான்."

பன்னெண்டு பின்

கிளம்புற அன்னைக்குக் காலையில நான் மிக்கேலைத் தனியாக் கூப்பிட்டு, "ஏலே, நீ கடக்கரைக்காரன், நீந்தத் தெரிஞ்சவன், எனக்குப் பதிலா நீ போயேன்"னு கேட்டுப் பாத்தேன். கம்பி கட்டினது நீங்க, நான் கிடையாதுன்னு ஒரே பேச்சுல முடிச்சுட்டான். மணப்பாட்டுக்கு பைக்ல வந்து உங்களைக் கூட்டிட்டு வாரேன், அதுக்கு மேல கேக்காதியன்னான். சரின்னு பன்னெண்டு முனையிலயும் இருக்க ஸ்ப்ளிட் பின்னை எண்ணினேன். அந்தப் பின் கழண்டா பூட்டு கழறும், பூட்டு கழண்டா மரம் என் தலையில. பன்னெண்டு இருந்துச்சு. மறுபடி எண்ணினேன், ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தேன், மேல டேப் சுத்தினேன், சுத்துன டேப்பை அமுக்கிப் பாத்தேன். பாத்துக்கிட்டு நின்ன மிக்கேல் சொன்னான்: "வீட்டுப் பூட்டை ஆட்டிப் பாத்துட்டு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வந்து ஆட்டுவியளே அண்ணாச்சி, கடல்ல அப்படித் திரும்பி வர முடியாது, இப்பமே நல்லா ஆட்டிக்கிடுங்க."

தொங்குன கம்பி

எழுதிக் குடுக்க வேண்டிய எடத்துல எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. மூணு பேருக்கும் லைஃப் ஜாக்கெட். சின்ன எஞ்சின் ஒண்ணு பின்னால உண்டு. துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போனதும் அதை நிப்பாட்டித் தூக்கிட்டாவ. அந்த நிமிசத்தை எப்படிச் சொல்ல! டடடன்னு இருந்த சத்தம் போய், மீசை வச்ச பாய் படக்குனு வயிறு நெறைஞ்சு, கிழக்க இருந்து வந்த கொண்டல் காத்துல போட்டு வலது பக்கமாச் சாஞ்சு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஓடுது. மரத்தடியில சம்மணம் போட்டு, கையில ஸ்பேனரோட உக்காந்திருந்த நான் என்னை அறியாம, "ஏலே சுடலை, ஓடுதுலே!"ன்னு கத்திட்டேன். வயித்துல இருந்த இட்லி அப்பமே யோசிக்க ஆரம்பிச்சுட்டு, நான் கண்டுக்கிடல.

அப்புறம்தான் பாக்கேன், வலது பக்கக் கம்பி ரெண்டும் தொளதொளன்னு ஆடுது. நேத்து வீணைக் கம்பி மாதிரி முடுக்கினது! கிரேன்ல ஒரு கம்பி தொங்குனா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். கொக்கி நழுவிட்டு, ஓடுங்கலேன்னு அர்த்தம். எங்க ஓட? தவழ்ந்து போய் டேப்பைக் கிழிச்சு, பின்னை உருவி, டர்ன்பக்கிளை ரெண்டு சுத்து முடுக்கிட்டேன். பாய் மறைச்சதால சுக்கான் பிடிச்சிருந்த மேடத்துக்கு ஒண்ணும் தெரியல. அந்நேரம் முன்னால வலை மிதக்குது. "திருப்புதேன், தலையைக் குனிங்க!"ன்னாவ. பாய் தலைக்கு மேல அந்தப் பக்கம் போச்சு, போட்டு இடது பக்கம் சாஞ்சுச்சு. நான் முடுக்கின வலது கம்பி டங்குனு இறுகி நிக்குது. இப்ப இடது கம்பி தொங்குது! ஸ்பேனரைக் கடிச்சுக்கிட்டு இடது பக்கம் தவழுறேன், மேடம் பாத்துட்டாவ. "அண்ணாச்சி! சாயிற பக்கத்துக் கம்பி தளரத்தான் செய்யும்! ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முடுக்கிக்கிட்டே வந்தியன்னா, மணப்பாடு வாரதுக்குள்ள மரம் போட்டைப் பொத்துக்கிட்டுக் கீழ எறங்கிரும்!"

எடுத்த கை

முடுக்கினதைத் திருப்பி விட்டு, பின்னைப் போட்டு, நல்ல பிள்ளையா மரத்தடியில உக்காந்தேன். நடுவுல மூணு தடவ வாந்தி எடுத்ததை விவரிக்க வேண்டாம். திருச்செந்தூர்க் கோபுரம் கரையில தெரிஞ்சப்போ, கையை எடுத்துக் கும்பிட்ட மறு நிமிசம் காத்து ஏறிட்டு. கடல்ல கறுப்பா ஒரு படலம் ஓடி வருது. அது வந்து அடிச்சதும் போட்டு வலது விளிம்பு தண்ணிக்குள்ள முங்கற அளவுக்குச் சாஞ்சுட்டு. சட்டியில இருந்து உருட்டி விட்ட மாதிரி தண்ணி பாத்திரம், சோத்துப் பொட்டலம் எல்லாம் உருளுது. இடது கம்பி ரெண்டும் ஊஊன்னு ஊளையிடுது. என் தலைக்கு நேரா மேல மரம். நான் போட்ட பூட்டு. அந்த ரெண்டாவது கூம்புல நழுவுன இழை ஞாபகம் வந்துச்சு.

சூசைத் தண்டலு அதுவரைக்கும் மக பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு, அதுவே பெரிய வெசயம். காத்து அடிச்ச அந்த நொடி அவரு கை தானாப் போச்சு, சுக்கான் தண்டு மேல, மக கைக்கு மேல. நாப்பது வருசப் பழக்கம், அதை யாரு கேட்டுக்கிட்டு இருக்கப் போறா. மேடம் முகத்தைத் திருப்பவே இல்ல. பாயைப் பாத்துக்கிட்டே, சத்தம் போடாம, "கையை எடுங்கப்பா"ன்னாவ.

கடலு, காத்து, எல்லாத்தையும் விட அந்த மூணு நொடிதான் எனக்கு நீளமா இருந்துச்சு. அவரு எடுத்துட்டாரு. எடுத்த கையை எங்கன வைக்கன்னு தெரியாம முன்னால நீட்டி, இடது பக்கக் கம்பியைப் பிடிச்சாரு. மேடம் பாய்க் கயித்தை ஒரு முழம் விட்டாவ. போட்டு மெதுவா நிமிந்து, அடுத்த அலையில ஏறி, பிச்சுக்கிட்டுப் போச்சு. மரம் நின்னுச்சு! கம்பி ஆறும் நின்னுச்சு! நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வாந்தி எடுத்த வாயால ஹோன்னு கத்துறேன். தண்டலு கம்பியை விடாம எம் பக்கம் குனிஞ்சு, மகளுக்குக் கேக்காம சொன்னாரு: "நாப்பது வருசம் ஓட்டினேன், ஒரு நாளும் வயித்தைக் கலக்குனதில்ல வே, சும்மா உக்காந்து வாரதுக்குல்லா கலக்குது."

மணப்பாடு

மத்தியானம் ஒண்ணரை மணிக்கு மணப்பாட்டு மேட்டுக் கோயிலு தெரிஞ்சுச்சு. எஞ்சினைத் தொடவே இல்ல. நங்கூரம் போட்டதும் நான் முட்டளவு தண்ணியில எறங்கி நடந்தேன். செருப்பைக் கழத்தித்தான் நடந்தேன், மிக்கேல் பைக்கு மேல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். பரோட்டா வாங்கிட்டு வந்திருந்தான். நாலு பேரும் கரையில உக்காந்து தின்னோம். மேடம் தின்னதை விட சிரிச்சதுதான் அதிகம். "உங்க கடமை முடிஞ்சுது அண்ணாச்சி, பைக்ல போய்ச் சேருங்க. நாங்க காத்து இருக்கப்பமே திரும்புறோம்"னாவ.

பைக்கைப் பாத்தேன். நல்ல வண்டி, ஆடாது, சாயாது, வாந்தி வராது. போட்டைப் பாத்தேன். சாம்பல் மீசையோட பாய் மடங்கிக் கெடக்கு, மரம் நேரா நிக்குது. கிரேன்காரன் நெஞ்சுக்குள்ள ஒண்ணு கெடந்து குதிக்குது. போறப்போ இடது கம்பி பாரம் தாங்குச்சு, திரும்பையில வலது கம்பில்லா தாங்கணும், அதை யாரு பாக்கது? ஸ்பேனரை இடுப்புல சொருகிக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிட்டேன். மிக்கேல் தலையில கையை வச்சுட்டான். ஏறி, யாரும் சொல்லாம மரத்தடியில போய்ச் சம்மணம் போட்டேன். எனக்குப் பின்னால சூசைத் தண்டலு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. நாப்பது வருசமா தோணியில யாரு எங்க உக்காரணும்னு சத்தம் போட்டவரு, முட்டளவு தண்ணியில நின்னு, போட்டு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மகளை அண்ணாந்து பாத்துக் கேட்டாரு: "ஏளா ரெஜி, நான் எங்கன உக்காரட்டும்?"

ஆகக்கூடி சகாக்களே, அடுத்தவன் தலைக்கு மேல கம்பி கட்டுறப்போ ஒரு பின்னை ஒரு தடவ ஆட்டுனாப் போதும்னு தோணும், நம்ம தலையைக் கொண்டு போய்க் கீழ வச்சாத்தான் மூணு தடவ ஆட்டத் தோணும்ங்கிற புத்தி எனக்கு வாரதுக்கு இருபத்திரெண்டு வருசமும், ரெண்டு பித்தளைக் கூம்பும், ஒரு நல்ல சட்டையும் செலவாகிப் போச்சு.